செல்லாக்காசும் கிள்ளுக்கீரையும்



ஒன்றின் மதிப்பை உள்ளதைவிடக் குறைவாகக் கணிப்பதைக் 'குறைமதிப்பீடு' என்று இன்று எழுதுகிறோம். இக்கலைச்சொல் புதியது. ஆயினும் அச்செயலைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை. எள்ளல், இகழ்தல், இளப்பம், இளக்காரம் என அடுக்கிக்கொண்டே போகலாம். அற்பம், துச்சம் ஆகியவை வடமொழியிலிருந்து வந்து சேர்ந்தன. நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறும் தொல்காப்பியம், எள்ளலையே முதலில் வைக்கிறது.

'மதித்தல்' என்னும் சொல்லுக்கு அளவிடுதல் என்றும் பொருள். போற்றுதல் என்றும் பொருள். நிலத்துக்கும் மதிப்பு உண்டு; ஊர்ப் பெரியவருக்கும் மதிப்பு உண்டு. இரண்டுக்கும் சொல் ஒன்றே. ஆதலால்தான் பண்டத்தை அளந்த அளவைகள் மனிதரை அளக்கவும் வந்துவிட்டன போலும்.

பழந்தமிழ்க் கணக்கில் 1/16 மாகாணி, 1/320 முந்திரி. அம்முந்திரியை மீண்டும் 320 கூறிட்டால் ஒரு கூறு கீழ்முந்திரி. அதனினும் நுண்ணியது இம்மி. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய பின்னங்களை எண்சுவடியில் மனனம் செய்தார்கள். இன்று அக்கணக்கு மறைந்துவிட்டது. 'என்னை இம்மியளவும் மதிக்கவில்லை' என்னும் மனக்குறை மட்டும் மறையவில்லை.

காசின் கதையும் அத்தகையதே. 'காசு பெறாத பேச்சு' என்கிறோம். மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் கடைகளில் ரொக்கக் கணக்கை ஐந்து காசுக்கு முழுமையாக்கும் முறை வந்தது. ஒரு காசு புழக்கத்திலிருந்து விலகியது. வழக்கு விலகவில்லை. ஆனால் சிறுகாசு உயர்ந்த கதையும் உண்டு. 1641இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களிடம் 'டொயிட்' என்றொரு சிறு செப்புக்காசு இருந்தது. அதுவே தமிழில் 'துட்டு' ஆனது. மலாயில் 'டூயிட்' ஆனது. ஒரு சில்லறையின் பெயர் இரு மொழிகளிலும் பணம் அனைத்துக்கும் பெயராயிற்று.

'செல்லாக்காசு' என்னும் சொல் நம் பாட்டன் பாட்டிமார்க்கு வெறும் உவமையன்று. 1942 முதல் 1945 வரை சப்பானியர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தாள் பணம் வெளியிட்டனர். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்ததால் அது 'வாழைமர நோட்டு' எனப்பட்டது. 1945இல் பிரிட்டிசார் திரும்பியதும் அப்பணம் செல்லாதென ஆயிற்று. பெட்டியில் சேர்த்தவை வெறுந்தாளாயின. தாளில் ஒரு கோடும் மாறவில்லை. அதை ஏற்க நீண்ட கைகள்தாம் பின்வாங்கின. ஒரு பிள்ளையைச் 'செல்லாக்காசு' என்று சொல்லுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

'கிள்ளுக்கீரை' இன்னும் நுட்பமான சொல். வாசலோரம் முளைத்திருப்பதை யாரும் எப்போது வேண்டுமானாலும் கிள்ளிக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. எளிதில் கிடைப்பதாலேயே அதற்கு மதிப்புக் குறைகிறது.

இவற்றுள் நம் வரலாற்றோடு மிக நெருங்கியது 'கூலி'. தமிழில் கூலி என்பது உழைப்புக்குத் தரும் ஊதியம், உழைப்பவர் 'கூலியாள்'. ஆங்கிலத்தில் வழங்கிய 'கூலி'யின் மூலம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்ச் சொல்லே மூலம் என்பது பலர் கருத்து. எப்படியாயினும், அம்மொழியில் அது ஊதியத்தைக் குறிக்கவில்லை, மனிதரையே குறித்தது. 'கூலியாள்' என்பதில் உள்ள ஆள் அங்கே இல்லை. கூலி மட்டுமே எஞ்சியது. தோட்டத்து லயங்களைக்கூடக் 'கூலி லைன்' என்றே எழுதினார்கள். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதைத் தடைசெய்தது; கங்காணி முறை முடிந்தது. அந்தப் பெயரோ லயத்தைவிட்டு எளிதில் வெளியேறவில்லை.

குறைமதிப்பீட்டின் இயல்பு இதுதான் என்று நான் கருதுகிறேன். அளவை வந்து ஆளின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பள்ளியிலும் இது நடப்பதைக் காண்கிறேன். 'நாற்பது புள்ளி வாங்கியவன்' சில நாளில் 'நாற்பது புள்ளிப் பையன்' ஆகிவிடுகிறான். தேர்வுத்தாளுக்கு இட்ட புள்ளி அவனுக்கே பெயராகிறது. பெற்றோர் சந்திப்பில் அம்மாவே அப்பெயரைச் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறான்.

உருவம் சிறிதென்று எள்ளாதே, பெருந்தேருக்கும் அச்சாணி வேண்டும் என்பது 667ஆம் குறளின் கருத்து. அக்குறளை நம் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். நாமோ அதே பிள்ளைகளை மாகாணிக்கும் இம்மிக்கும் இடையில் நிறுத்துகிறோம்.

மதிப்பீடு செய்வது நம் பணி. அதைத் தவிர்க்க இயலாது. தாளை அளப்போம், பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்போம்.