ஏடு சொன்னதும் ஊர் சொன்னதும்



உங்கள் பாட்டனாருடைய தகப்பனாரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? உயர்தர வகுப்பு மாணவரிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். சோழர் பரம்பரையைத் தடையின்றி ஒப்புவிக்கின்ற பிள்ளைகளில் மூன்று பேர்தான் கை உயர்த்தினார்கள். கை உயர்த்தாத மாணவி ஒருத்தி எழுந்து, "உங்களுக்குத் தெரியுமா, சேர்?" என்று திருப்பிக் கேட்டாள். பெயர் தெரியும், பெயருக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. அந்தக் கேள்விதான் என்னைச் சிலாபத்துப் பதிவாளர் அலுவலகத்தின் படியேற வைத்தது.

நான் உடப்பைச் சேர்ந்தவன். எங்கள் முன்னோர் இராமேசுவரக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்பது எங்கள் ஊரின் வாய்மொழி வரலாறு. திரௌபதை அம்மன் கோயிலும் ஆடி மாதத்துத் தீமிதிப்பும் அந்த வரலாற்றை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருகின்றன. ஆனால் அது ஊரின் கதை. ஒரு குடிசையில் வாழ்ந்து மறைந்த ஒரு கணவனையும் மனைவியையும் தேடுவதென்றால், அதற்கு வேறோர் இடத்துக்குத்தான் போகவேண்டும்.

இலங்கையில் பிறப்பையும் இறப்பையும் அரசு பதியும் முறை 1867ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன்னர் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் இருந்தன. காணி உள்ளவனும் ஞானஸ்நானம் பெற்றவனும் அவற்றில் இடம்பிடித்தார்கள். கரைவலை இழுத்த சைவக் குடியானவனுக்கு அங்கே அவ்வளவாக இடமில்லை. 1867இன் பின்னர் வந்த பதிவேட்டிலோ முதலியாரின் பிள்ளைக்கும் வலைகாரரின் பிள்ளைக்கும் ஒரே அளவான கட்டம்தான். சாமானியனின் வரலாற்றைத் தேடுபவனுக்கு இதைவிட நல்ல ஏடு கிடையாது.

எழுதுவினைஞர் பொறுமைசாலி. என் பாட்டனார் பிறந்தது 1912 என்று மட்டுமே எனக்குத் தெரியும். விளிம்பு உதிர்கின்ற பெரிய புத்தகமொன்றைக் கொண்டுவந்து, பக்கம் பக்கமாக அவரே புரட்டினார். முக்கால் மணித்தியாலத்தின் பின் அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றது. பாட்டனாரின் பெயர். தகப்பனின் தொழில் மீன்பிடி. தாயின் பெயர். அடுத்த கட்டத்தில் ஒரு கேள்வி: பெற்றோர் விவாகம் செய்தவர்களா? அதற்கு நேரே ஒரே ஒரு சொல்: இல்லை.

நேயர்களே, நாற்பது வயதைக் கடந்தவன் நான், தமிழ் படிப்பிக்கிறவன், சொற்களோடு பழகியவன். இருந்தும் அந்த மூன்றெழுத்து என்னைச் சுட்டது. எங்கள் வீட்டில் குலப்பெருமை பேசாத நாளில்லை. இதை எழுபத்தாறு வயதான என் தகப்பனாரிடம் எப்படிச் சொல்வது?

என் முகத்தைப் பார்த்து எழுதுவினைஞர் மெல்லச் சிரித்தார். "கவலைப்படாதீர்கள், சேர். இந்தப் புத்தகத்தில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான். கச்சேரியில் பதியாவிட்டால் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். இங்கே கீழே பாருங்கள்" என்றார்.

பக்கத்தின் அடியில் இரண்டு புள்ளடிகள் இருந்தன. ஒன்று தகப்பனுடையது, மற்றது தாயினுடையது. விவாகம் பதியாத பெற்றோரென்றால், தகப்பன் பெயரை எழுதுவதற்கு இருவருமே நேரில் வந்து கேட்டு அடையாளமிட வேண்டும் என்று அவர் விளங்கப்படுத்தினார். அப்படியென்றால், எழுத்தறியாத ஒரு கடற்றொழிலாளி தன் தொழிலை ஒருநாள் விட்டுவிட்டு, பிள்ளைபெற்ற மனைவியையும் அழைத்துக்கொண்டு பதிவாளரின் முன்னே வந்து நின்றிருக்கிறார். "இது என் பிள்ளை" என்று சொல்லி ஒரு புள்ளடி இட்டிருக்கிறார். மேலே 'இல்லை' என்று எழுதிய அதே பக்கம், கீழே அந்தத் தகப்பனின் நேர்மைக்கும் சாட்சி சொல்கிறது.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "தாலி கட்டியது அம்மன் சந்நிதியில். ஊரே பார்த்தது. கச்சேரிக்காரன் பார்க்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

சட்டமும் அப்பாவின் பக்கமே. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் வந்த பின்னரும், வழக்காற்றின்படி முறையாக நடந்த கலியாணம் பதியப்படாத காரணத்தால் செல்லாதது ஆகிவிடாது என்பதே இந்நாட்டு நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆனால் பிறப்புப் பதிவேட்டின் கட்டத்துக்கு வழக்காறு தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஆம், இல்லை என்ற இரண்டு சொற்கள் மாத்திரமே. ஏட்டை மட்டும் படித்திருந்தால் என் முன்னோரைத் தவறாக எண்ணியிருப்பேன். அப்பாவை மட்டும் கேட்டிருந்தால் அந்த இரண்டு புள்ளடிகளை என் வாழ்நாளில் கண்டிருக்கவே மாட்டேன்.

ஏட்டையும் ஊர்வாயையும் சேர்த்துப் படிக்கின்ற இந்த வித்தையை நமக்கு முன்னரே செய்துகாட்டியவர் ஒருவர் இதே கரையில் பிறந்திருக்கிறார். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்தார். பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாகவும் பணிபுரிந்தார். அரசாங்கக் கடதாசிகளுக்கு நடுவே வாழ்ந்தவர்தான். ஆயினும் கடதாசியோடு அவர் நின்றுவிடவில்லை. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் பற்றிய விபரங்களைத் திரட்டி, 1834இல் ஆங்கிலத்தில் ஓர் இடவிபர அகராதியை வெளியிட்டார். தமிழர்களின் சாதிகள், வழக்கங்கள் பற்றியும் எழுதினார். 1859இல் வெளிவந்த 'தமிழ் புளூராக்' தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துத் தருவது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார். அவர் சொன்ன தகவல்களில் பிழைகள் உண்டு. கர்ணபரம்பரைக் கதைகளும் உண்டு. ஆனாலும் அவர் எழுதிவைத்ததனால்தான் அவற்றை இன்று நாம் திருத்தவாவது முடிகிறது. எழுதாமல் விட்டதை யார் திருத்துவது?

ஏடு கைவிட்டுப் போனால் என்னவாகும் என்பதையும் இந்தக் கரை கண்டிருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். அவர்களில் மிகப் பலர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். பிள்ளைகளைத் தூக்குவதா, காணி உறுதியைத் தேடுவதா? நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பிய இணைப்பிரதி எஞ்சியிருந்தால் காணிக்கு ஓர் ஆதாரம் உண்டு. அதுவும் அழிந்திருந்தால், "அந்த வேலிக்கு அப்பால் எங்கள் கிணறு இருந்தது" என்ற அயலவரின் சாட்சியம்தான் மிச்சம். பழைய கடதாசி என்பது பொழுதுபோக்கல்ல என்பதை அந்த மக்களைவிட அறிந்தவர் யார்?

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் ஓர் உறுதி, ஒரு கலியாணக் கடிதம், கறையானுக்குத் தப்பிய ஒரு கணக்குக் கொப்பி கிடக்கலாம். அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். தட்டும்போது வீட்டிலுள்ள முதியவரையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். கடதாசி சொல்லாததை அவர் சொல்வார். அவர் மறந்ததைக் கடதாசி சொல்லும்.

நான் ஒரு கொப்பி வாங்கியிருக்கிறேன். முதற் பக்கத்தின் இடப்புறத்தில், பதிவேட்டில் கண்டபடியே 'இல்லை' என்பதையும் இரண்டு புள்ளடிகளையும் எழுதிக்கொண்டேன். வலப்புறத்தில் அப்பா சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டியபோது, அவர் பேனாவை வாங்கி அதன்கீழ்த் தம் கையொப்பத்தை இட்டார். அடுத்த தவணை தொடங்கியதும் அந்தக் கொப்பியை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். என்னைத் திருப்பிக் கேட்ட அந்த மாணவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.