அணை கட்டிய காசு யார் காசு?



ஒரு வட்டாரம் வளரப் பெரிதும் உதவுவது அரசு முதலீடே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், வெளிநாட்டுப் பணம் வந்தாலே போதும், ஊர் தானா வளர்ந்துடும் என்றார். வாங்க, இரண்டு ஆற்றங்கரைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன்.

முதலில் கோதாவரி. 1833-இல் கொடிய பஞ்சம். ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போகுது. கரையில் ஜனங்கள் சோறில்லாமல் சாகிறார்கள். ஆர்தர் காட்டன் என்ற இன்ஜினீயர் வந்தார். 1836-இல் நம்ம முக்கொம்பில் அணை கட்டியவர். ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த மண்ணின் பழைய ஆட்களிடம்தான் கற்றோம் என்று ஒப்புக்கொண்டவர். 1847-இல் தொடங்கி 1852-இல் தவளேஸ்வரம் அணையை முடித்தார். யார் காசு? சென்னை மாகாண அரசின் கஜானா!

எதிரணி நண்பர் சிரிக்கிறார். ‘ஆண்டதே வெள்ளைக்காரன்தானே?’ என்கிறார். ஆண்டது வெள்ளைக்காரன், பணம் நம்ம குடியானவன் கட்டின வரி ஐயா! (கைதட்டல்)

அடுத்தது துங்கபத்திரை. லண்டனில் ஒரு கம்பெனி. 10 லட்சம் பவுண்டு முதல். கர்நூலிலிருந்து கடப்பைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால். இதற்கும் காட்டனின் ஆதரவு உண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் நூற்றுக்கு 5 வட்டிக்கு அரசு உத்தரவாதம்!

கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாமனார் மாசாமாசம் பணம் தந்துடுவார்னா, மாப்பிள்ளை காலையில் எழுந்து கடையைத் திறப்பாரா? (சிரிப்பு)

கரிசல் மண்ணில் சோளம் போடுகிற விவசாயி, காசு கொடுத்து இந்தத் தண்ணீரை வாங்குவானா? அதை முதலில் கேட்டிருக்கணும். வாய்க்கால் முடிந்தது, வாங்க ஆள் இல்லை. லண்டனுக்கு வட்டி மட்டும் தவறாமல் போச்சு.

1876-இல் மறுபடி பெரும் பஞ்சம். கோதாவரி டெல்டா தன் வயிற்றையும் காத்து, வெளியூருக்கும் நெல் அனுப்பியது. கர்நூல் மாவட்டத்தில்? 1871-க்கும் 1881-க்கும் நடுவே ஜனத்தொகையில் சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வெறும் கணக்கில்லை ஐயா, ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் அடுப்பு. 1882-இல் அந்த வாய்க்காலையும் அரசே விலைக்கு வாங்கியது.

‘இன்றைய கார் தொழிற்சாலை?’ என்பீர்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 1998-இல் முதல் கார் உருண்டு வருவதற்கு முன்னாலேயே, 1971-இல் பிறந்த சிப்காட் இருந்தது, துறைமுகம் இருந்தது, படித்த பிள்ளைகள் இருந்தார்கள். பந்தல் போட்டது அரசு. ஊர்வலம் வந்தது அயல்நாடு. அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடியது. கம்பெனி மூட்டை கட்டலாம். ஊர் எங்கே போகும்?

வெளிநாட்டுப் பணம் விருந்தாளி. வரட்டும், இலை போடுவோம். ஆனால் லாபம் அவருக்கு, நஷ்டம் நமக்கு என்றால் அது விருந்தல்ல. ஊரோடு நின்று நஷ்டத்தையும் சுமப்பது அரசு முதலீடே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே.