புனோம் பென் நகரின் குடிநீரும் கழிவுநீரும்: வெளிநாட்டு உதவியின் வரலாறு

கம்போடியாவின் தலைநகரான புனோம் பென், மேக்கொங், தொன்லே சாப், பசாக் ஆகிய ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்துள்ளது. ஆண்டு முழுவதும் ஆற்று நீர் கண்ணெதிரே ஓடும் இந்நகரில், 1993ஆம் ஆண்டில் ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டுமே குழாய் நீர் கிடைத்தது. அதுவும் நாளொன்றுக்குச் சுமார் 10 மணி நேரம்தான். சுத்திகரித்து அனுப்பிய நீரில் 72 விழுக்காடு கசிவாலும் திருட்டாலும் கணக்கில் வராமல் போனது. 2006ஆம் ஆண்டில் நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. நகர மக்களில் 90 விழுக்காட்டினருக்கு 24 மணி நேரமும் நீர் வந்தது. இழப்பு 6 விழுக்காடாகக் குறைந்தது. பணக்கார நாடுகளின் பெருநகரங்கள் பலவும் எட்டாத அளவு இது.

இம்மாற்றத்திற்கான முதலீட்டில் பெரும்பகுதி வெளிநாட்டு நன்கொடையாகவும் கடனாகவும் வந்தது. அதே காலத்தில் அதே நகரின் கழிவுநீருக்கும் குப்பைக்கும் வெளிநாட்டு உதவி வந்தது. கொடுத்தவர்களிலும் பலர் அதே நாடுகள், அதே வங்கிகள். ஆனால் அங்கே இத்தகைய பலன் கிடைக்கவில்லை. உதவியைப் பெற்ற இடத்தில் யார் இருந்தார்கள் என்பதிலேயே இந்த வேறுபாட்டின் காரணம் இருக்கிறது.

போருக்கு முன்னும் பின்னும்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1895இல் சுரோய் சங்வார் பகுதியில் நகரின் முதல் நீரேற்று நிலையம் அமைந்தது. விடுதலைக்குப் பின் 1950களில் சம்கார் மோன் நிலையமும் 1960களில் பூம் பிரெக் நிலையமும் சேர்ந்தன. மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 1,55,000 கனமீட்டர் நீர் தரும் திறன் பெற்றிருந்தன. அக்கால நகரத்திற்கு இது தாராளமான அளவு.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூச் படைகள் நகரைப் பிடித்து, மக்கள் அனைவரையும் வெளியேற்றின. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் பெருமளவில் மாண்டனர். எந்தத் தெருவில் எந்தக் குழாய் போகிறது என்று காட்டும் வரைபடங்களும் பதிவேடுகளும் அழிந்தன. 1979 சனவரி 7 அன்று வியட்நாம் படை நகருக்குள் நுழைந்தது. அதன் பிறகு திரும்பி வந்த மக்களில் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தவர். காலியாகக் கிடந்த வீடுகளில் குடியேறிய அவர்களுக்கு முறையான நீர் இணைப்பு என்பது தெரியாது. அதைக் கொடுக்கவும் அப்போது ஆள் இல்லை.

பின்வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் உலக அரசியலும் குழாய்க்குள் புகுந்தது. ஐ.நா. அவையில் கம்போடியாவின் இடம் கெமர் ரூச் தரப்பின் கையிலேயே இருந்தது. புனோம் பென்னில் ஆண்ட அரசை மேற்கு நாடுகள் ஏற்கவில்லை. ஆகவே ஐ.நா. அமைப்புகளும் மேற்கு நாடுகளும் அவசர நிவாரணம் தரலாம், வளர்ச்சி உதவி தரக்கூடாது என்ற எல்லை வகுக்கப்பட்டது. அரிசியும் மருந்தும் நிவாரணம், நீர் நிலையத்தைச் செப்பனிடுவது வளர்ச்சி! வயிற்றுப்போக்கால் சாகும் குழந்தைக்கு மருந்து கொடுக்கலாம், அந்நோயைப் பரப்பும் நீரைச் சுத்தம் செய்ய உதவக் கூடாது என்பதே நடைமுறையில் இதன் பொருள். ஆக்ஸ்ஃபாம் போன்ற தொண்டு நிறுவனங்கள் இந்த எல்லையைத் தாண்டி, எந்திரங்களையும் வேதிப்பொருள்களையும் கொண்டுவந்து நீர் நிலையங்களை ஓரளவேனும் ஓட வைத்தன. அக்காலத்தில் கிடைத்த ஒருங்கிணைப்பு அவ்வளவுதான்.

உதவியின் வெள்ளம்

1991 அக்டோபர் 23 அன்று பாரிசு அமைதி உடன்பாடு கையெழுத்தானது. 1992 சூன் மாதம் டோக்கியோவில் கூடிய மாநாட்டில், கம்போடியாவின் மறுசீரமைப்பிற்கு ஏறத்தாழ 88 கோடி டாலர் தருவதாக நாடுகள் உறுதியளித்தன. அதுவரை மூடியிருந்த கதவு ஒரேயடியாகத் திறந்தது.

இப்படி வரும் உதவி பெறுபவரைத் திணறடிப்பது வழக்கம். ஒவ்வொரு நாடும் தன் ஆலோசகரை அனுப்பும், தன் நாட்டு எந்திரத்தைத் தரும், தனி அறிக்கை கேட்கும். ஒரு தெருவில் ஒரு நாட்டின் வால்வும் அடுத்த தெருவில் மற்றொரு நாட்டின் வால்வும் இருந்தால், உதிரிபாகம் தேடுவதே தனி வேலையாகிவிடும். அரசு ஊழியரின் மாதச் சம்பளம் 20 டாலர் அளவில் இருந்த ஊரில், ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்தவர்கள் உதவி நிறுவனங்களின் வேலைக்குப் போய்விட்டனர். உதவி செய்ய வந்தவர்களே, உதவியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களை அரசிடமிருந்து எடுத்துக்கொண்டனர்.

குடிநீரில் இந்தச் சிதறலைத் தடுத்தது ஒரு முதன்மைத் திட்டம். ஜைக்கா எனப்படும் ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமை 1993இல் அதைத் தயாரித்தது. எந்த நிலையத்தை முதலில் செப்பனிடுவது, எந்தப் பகுதியின் பழைய குழாய்களை எப்போது மாற்றுவது, எதிர்காலத்தில் எவ்வளவு நீர் தேவைப்படும் என்பவை அதில் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. ஜப்பான், பிரான்சு, ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவை இத்திட்டத்திலிருந்து ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டன. பூம் பிரெக் நிலையத்தை ஜப்பான் நன்கொடையாகச் செப்பனிட்டது. பின்னர் உலக வங்கியின் கடனில் சுரோய் சங்வார் நிலையம் புதுப்பிக்கப்பட்டது. யார் பணம் கொடுத்தாலும் வேலை ஒரே வரைபடத்தின் மேல் நடந்தது.

ஆனால் திட்ட அறிக்கை மட்டும் போதும் என்றால், உலகில் எந்த நகரத்திலும் நீர்ப் பஞ்சம் இருக்காது. கம்போடிய அலுவலகங்களிலேயே ஜப்பானும் பிறரும் எழுதித் தந்த முதன்மைத் திட்டங்கள் பல அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. குடிநீர்த் திட்டத்திற்கு மட்டும், அதைத் தனது என்று எடுத்துக்கொண்ட ஓர் உரிமையாளர் கிடைத்தார்.

ஏக் சொன் சான்

1993இல் புனோம் பென் நீர் வழங்கல் ஆணையத்தின் தலைவராக ஏக் சொன் சான் அமர்த்தப்பட்டார். பொறியியல் படித்த இவர், கெமர் ரூச் காலத்தில் குடும்பத்தினரை இழந்தவர், நகர நிர்வாகத்தில் பல பணிகளைப் பார்த்தவர். பதவியேற்றபோது அவர் கண்ட நிறுவனத்தில், திருட்டு இணைப்புகளை விற்றவர்களில் அதன் ஊழியர்களே முன்னணியில் இருந்தனர். நீர் பெறும் பல ஆயிரம் வீடுகளுக்குப் பட்டியல் போகவில்லை. சொட்டு நீரும் வராத வீடுகளுக்குப் பட்டியல் போய்க்கொண்டிருந்தது. குழாயில் அழுத்தமே இல்லாததால், மக்கள் தெருவோரம் பள்ளம் தோண்டி, அதில் தேங்கும் நீரை மொண்டனர்.

ஆணையம் முதலில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தது. அடுத்து எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் பொருத்தத் தொடங்கியது. திருட்டு இணைப்பைக் காட்டிக் கொடுப்பவருக்குப் பரிசும், உடந்தையான ஊழியருக்குத் தண்டனையும் அறிவிக்கப்பட்டன. அமைச்சகங்களும் படை அதிகாரிகளும் கூட நீர்க்கட்டணம் செலுத்த வேண்டும் என்று அரசுத் தலைமை ஒப்புக்கொண்டது. ஆனால் ஆணை வேறு, நடைமுறை வேறு. உயர் படை அதிகாரி ஒருவரின் வீட்டில் மீட்டர் பொருத்தப் போனபோது, அந்த அதிகாரி துப்பாக்கியை எடுத்துத் தன் தலையில் வைத்ததாக ஏக் சொன் சான் பின்னாளில் கூறினார். அவர் திரும்பிச் சென்று, ஆயுதக் காவலுடன் வந்து அந்த இணைப்பைத் துண்டித்தார். கட்டணம் வந்த பிறகே நீர் மீண்டும் விடப்பட்டது. அக்கால நகரில் இச்செய்தி எந்த விளம்பரத்தையும் விட விரைவாகப் பரவியிருக்கும்.

1996 டிசம்பரில் அரசு ஒரு துணை ஆணையின் வழியே ஆணையத்தைத் தன்னாட்சிப் பொது நிறுவனமாக மாற்றியது. வசூலான பணம் கருவூலத்திற்குப் போகாமல் நிறுவனத்திலேயே தங்கியது. 1997இல் கட்டணம் உயர்த்தப்பட்டு, பயன்பாட்டிற்கேற்பப் படிநிலையானது. முன்பு பாதியளவே வசூலான கட்டணம், 2006 வாக்கில் ஏறத்தாழ முழுமையாக வசூலானது. ஊழியர் சம்பளம் பலமுறை உயர்ந்தது. ஆயிரம் இணைப்புகளுக்கு 22 பேராக இருந்த ஊழியர் எண்ணிக்கை 4 ஆகக் குறைந்தது.

உதவியை ஒருங்கிணைப்பதில் இந்தக் கணக்குப் புத்தகத்திற்குப் பெரிய பங்கு உண்டு. வாங்கும் கடனைத் தன் வருவாயிலிருந்து தானே திருப்ப வேண்டிய நிறுவனம், தேவையில்லாத எந்திரத்தை வாங்கிக்கொள்ளாது. குழாய் பதிக்கும் வேலையில் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரர்களிடம் விடாமல், ஆணையம் தன் ஊழியர்களைக் கொண்டே செய்து பணம் மிச்சப்படுத்தியது. இந்த இடத்தில் கொடை நாடுகள் தங்களுக்குள் கூடிப் பேசி ஒருங்கிணைந்தன என்பதைவிட, அவற்றை ஒருவர் வரிசையில் நிற்க வைத்தார் என்பதே பொருத்தம்.

1999 முதல் ஜப்பானின் கித்தாக்கியூசூ நகராட்சியின் குடிநீர்ப் பொறியாளர்கள் புனோம் பென்னில் பணியாற்றினர். இவர்கள் வாடகைக்கு வரும் ஆலோசகர்கள் அல்லர், தம் ஊரிலும் இதே வேலையைச் செய்பவர்கள். குழாய் வலையைச் சுமார் 40 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நீரோட்டத்தையும் அழுத்தத்தையும் தொலைவிலிருந்தே அளக்கும் முறை இவர்கள் துணையால் வந்தது. இரவில் யாரும் நீர் பிடிக்காத நேரத்தில் ஒரு பகுதியின் ஓட்டம் குறையாவிட்டால், அங்கே கசிவு இருக்கிறது. பழுது பார்க்கும் குழு அன்றே புறப்படலாம்.

குடிசைப் பகுதியினர் அதுவரை வண்டியில் வந்த நீரைப் பலமடங்கு விலைக்கு வாங்கி வந்தனர். அவர்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் 30 முதல் 100 விழுக்காடு வரை மானியம் தரப்பட்டது. எஞ்சியதைத் தவணையில் கட்டவும் வழி இருந்தது. ஏக் சொன் சான் 2006இல் ரமோன் மக்சேசே விருது பெற்றார்.

குழாயின் மறுமுனை

1993இல் நாளொன்றுக்கு 65,000 கனமீட்டராக இருந்த நீர் உற்பத்தி, 2006இல் 2,35,000 கனமீட்டரானது. வீட்டிற்குள் வரும் நீர் பெரும்பாலும் கழிவுநீராக வெளியே போகும். குடிநீர்த் திட்டம் வெற்றி பெற்ற அளவுக்குச் சாக்கடையின் சுமையும் ஏறியது.

அந்தச் சுமையைத் தாங்க, குடிநீருக்கு இருந்தது போன்ற ஒரு நிறுவனம் இல்லை. குடிநீர் தொழில்துறை அமைச்சகத்தின் பார்வையில் இருந்தது. வடிகால் நகராட்சியிடமும் பொதுப்பணி அமைச்சகத்திடமும் பிரிந்து கிடந்தது. குடிநீர்ப் பட்டியலோடு 10 விழுக்காடு கழிவுநீர்க் கட்டணமாக வசூலித்து, ஆணையம் அதை நகராட்சிக்குக் கொடுத்து வந்தது. அந்தத் தொகை வடிகால்களைத் தூர்வாரவே போதாது என்னும்போது, சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது எங்கே?

மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே வடிகாலில் ஓடி, நகரைச் சுற்றிய ஏரிகளில் கலந்தன. தெற்கே உள்ள சியுங் ஏக் ஏரியில் மக்கள் வள்ளைக் கீரை பயிரிட்டனர். அக்கீரையும் சேறும் வெயிலும் கழிவைச் சிதைத்தன. நகரின் சுத்திகரிப்பு நிலையமாக நீண்ட காலம் செயல்பட்டது இந்த ஏரிதான். அதற்கு எந்த நாடும் பணம் தரவில்லை.

வடிகாலுக்கு உதவி வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனிலும், 2000களில் ஜப்பான் கட்டம் கட்டமாகத் தந்த நன்கொடையிலும் கால்வாய்களும் நீரேற்று நிலையங்களும் அமைந்தன. நகர மையத்தில் மழை வெள்ளம் குறைந்தது. ஆனால் ஒரு பக்கம் வெள்ளத்தை ஏரிக்கு அனுப்ப உதவி வந்தபோது, மறுபக்கம் ஏரிகளே மனை வணிகத்திற்காக மூடப்பட்டன. வடக்கே உள்ள போங் காக் ஏரி 2007இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டு, 2008 ஆகஸ்டு முதல் மணல் கொட்டி நிரப்பப்பட்டது. கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. உலக வங்கியின் உதவியில் நடந்த நிலப்பதிவுத் திட்டம் அம்மக்களைக் காக்கத் தவறியதால், அவர்கள் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டனர். 2010 டிசம்பர் முதல் கம்போடியாவுக்குப் புதிய கடன் தரவில்லை என்று வங்கி 2011 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தது. அதே மாதம், எஞ்சியிருந்த குடும்பங்களுக்கு 12.44 எக்டேர் நிலத்தை அரசு ஒதுக்கியது. ஏரி திரும்பி வரவில்லை.

குப்பையின் கதையும் இதற்கு நெருக்கமானது. இசுதுங் மியன்சே குப்பைமேட்டில் சிறுவர்கள் பொறுக்கி வாழ்வதைக் கண்ட தொண்டு நிறுவனங்கள் பள்ளிகளும் உணவுக்கூடங்களும் நடத்தின. குப்பை அள்ளும் வேலை தனியாரிடம் போனது. மேடு நிரம்பியதும் 2009இல் மூடப்பட்டு, நகருக்கு வெளியே டங்கோர் பகுதிக்குக் குப்பை மாறியது.

கூட்டங்களும் உரிமையாளரும்

கொடை நாடுகளை ஒரே மேசைக்குக் கொண்டுவரக் கம்போடிய அரசும் முயன்றது. 1994இல் கம்போடிய வளர்ச்சி மன்றம் அமைந்தது. 2004இல் துறைவாரியான தொழில்நுட்பப் பணிக்குழுக்கள் தொடங்கின. பெறும் நாட்டின் திட்டத்தைக் கொடுப்பவர்கள் பின்பற்ற வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டின் பாரிசு அறிக்கையிலும் கம்போடியா சேர்ந்தது. இக்கூட்டங்கள் பயனற்றவை அல்ல. ஆயினும் புனோம் பென் குடிநீர் இவற்றுக்கு முன்பே ஒழுங்குக்கு வந்துவிட்டது. கழிவுநீர் இவற்றுக்குப் பின்பும் பல ஆண்டுகள் ஒழுங்குக்கு வரவில்லை.

2012 ஏப்ரல் 18 அன்று புனோம் பென் நீர் வழங்கல் ஆணையம், கம்போடியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் நிறுவனமானது. அடுத்த ஆண்டு, பிரான்சும் ஜப்பானும் தந்த கடனில் கட்டிய நிரோத் நிலையம் செயல்படத் தொடங்கியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் வடிகாலையும் ஒன்றாகச் சேர்த்த முதன்மைத் திட்டத்தை ஜைக்கா 2016இல் முடித்துக் கொடுத்தது. குடிநீருக்கான முதன்மைத் திட்டத்திற்கு 23 ஆண்டுகள் பின்பு அது வந்தபோது, சியுங் ஏக் ஏரியிலும் மணல் லாரிகள் நின்றுகொண்டிருந்தன.