ஒரே மேசையில் இரு மொழிகள்

கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் வீதியில் பேராதனையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பிலிமத்தலாவை வரும். பத்திரிகைப் பணியின் பொருட்டு அவ்வீதியால் எத்தனையோ தடவை பயணம் செய்திருக்கிறேன். வீதியோரத்துப் பித்தளைக் கடைகளைப் பார்த்த அளவுக்கு, அவ்வூரிலுள்ள இலங்கை இறையியல் கல்லூரியை நான் கவனித்ததில்லை. இனப்பிரச்சினை பற்றி நெடுங்காலம் எழுதிய எனக்கு இது ஒரு குறையாகவே இப்போது படுகிறது.

அக்கல்லூரி தோன்றிய காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சுயமொழியில் தனித்தனியே கல்வி கற்று வளரும் தலைமுறை உருவாகியது. முன்னைய போதகர்கள் ஆங்கிலத்தில் இறையியல் பயின்றவர்கள். ஆங்கிலமே அவர்களை ஒன்றிணைத்த மொழி. புதிய தலைமுறைக்கு அந்தப் பாலம் இல்லை. சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று எனத் திருச்சபைகள் இரு கல்லூரிகளை அமைத்திருக்கலாம். நாட்டின் போக்கும் அதுவாகவே இருந்தது.

ஆனால், மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்ரிஸ்ற் திருச்சபைகள் 1963இல் பிலிமத்தலாவையில் ஒரே கல்லூரியை நிறுவின. கற்பித்தல் சிங்களத்திலும் தமிழிலும் நடந்தது. வளவு ஒன்றாகவே இருந்தது. மொழியால் பிரிந்த வகுப்புகள், வழிபாட்டிலும் உணவிலும் கூடின. சபைப் பிரிவுகளைக் கடப்பதற்கென எடுத்த முடிவு, இனப்பிரிவைக் கடப்பதற்கும் வழிசெய்தது.

கத்தோலிக்கரின் வரலாறு சற்று வேறானது. கண்டிக்கு அருகே அம்பிட்டியில் 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ நிறுவிய குருமடம் 1955இல் இந்தியாவின் பூனே நகருக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னர் அம்பிட்டி தேசிய குருமடத்தின் இடமாயிற்று. பிற்காலத்தில் யாழ்ப்பாணம் கொழும்புத்துறையிலும் பெரிய குருமடம் எழுந்தது. தமிழிலேயே மெய்யியலும் இறையியலும் கற்க அது வழி செய்தது. அதன் பணி பெரிது. எனினும், சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் ஒரே கூரையின் கீழ் வாழும் வாய்ப்பு அதனால் சுருங்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்த இடைவெளியை உணர்ந்தவர்களுள் ஒருவர் பதுளையின் முதல் ஆயர் லியோ நாணாயக்கார. பண்டாரவளையில் அவர் தொடங்கிய 'சேவக செவன' குருமடம், சிங்களக் கிராமத்தையும் மலையகத் தோட்டத்தையும் அறிந்த குருக்களை உருவாக்க முனைந்தது. அங்கு பணியாற்றிய மைக்கல் ரொட்றிகோ அடிகளார் பின்னர் புத்தளைப் பகுதியின் பௌத்த கிராமமொன்றிற் சென்று வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி, அங்கு திருப்பலி ஒப்புக்கொடுத்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கண்டியில் 1972இல் போல் கஸ்பேர்ஸ் அடிகளார் தொடங்கிய 'சத்தியோதய'வும் சிங்களவரும் தமிழரும் ஒருங்கே வாழ்ந்து பணியாற்றிய இல்லமே.

இவற்றை மிகைப்படுத்திப் புகழ எனக்கு விருப்பமில்லை. 1983 ஆடிக் கலவரத்தின்போது இறையியல் பயின்ற தமிழ்ப் போதகர் ஒருவர், தம் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம் என்ற நிபந்தனையுடன் என்னிடம் பேசினார். அவரை வருத்தியது வசைச்சொல் அல்ல, மௌனம். விடுமுறையின் பின் திரும்பிய நாளில், உணவு மேசையில் ஒருவரும் ஒருவரையும் எதுவும் கேட்கவில்லையாம். "ஜெபத்தில் சமாதானம் என்றோம். உன் வீடு இருக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை," என்றார்.

சில வாரங்களின் பின், சிங்கள மாணவர் ஒருவர் அவரிடம் தமிழ் கற்றுத்தரும்படி கேட்டாராம். முதற் பாடமாக அவர் கேட்டது, "உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்?" என்பதைத் தமிழில் சொல்லும் விதம். 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது அதே நண்பர் யாழ்ப்பாணம் வந்தார். வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். தாயார் அதற்குள் காலமாகிவிட்டார். இருவரும் அன்று நெடுநேரம் பேசினர்.

நல்லிணக்கம் என்ற சொல் 2010இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவின் பெயரில் இடம்பெற்ற பின்னர் அரச மேடைகளில் பெருவழக்காயிற்று. தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் அதற்கு முன்னரே 'ஒப்புரவு' என்ற சொல் இருந்தது. திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' ஓர் அதிகாரம். ஊரோடு பொருந்திப் பிறருக்குப் பயன்பட வாழ்வதை அது பேசுகிறது. கிறிஸ்தவத் தமிழில் பகை நீங்கி உறவாதல் என்ற பொருளைச் சொல் பெற்றது. இரண்டும் ஒன்றையொன்று தேவைப்படுபவை என்றே நினைக்கிறேன். பிறரின் நோவைக் கேட்டறியாத உறவு மேடைப் பேச்சாகவே முடிந்துவிடும்.

இந்நாட்டு மக்களில் கிறிஸ்தவர் ஏறத்தாழ 7 சதவீதத்தினர். ஆயினும் சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாய்ச் சேர்ந்திருக்கும் சமயம் அவர்களுடையதே. அந்த வாய்ப்பைத் திருச்சபைகள் எவ்வளவு பயன்படுத்தின என்ற கேள்விக்கு அறிக்கைகளிலும் பிரகடனங்களிலும் விடை தேட வேண்டியதில்லை. நாளைய போதகர்களும் குருக்களும் எந்த மேசையில் அமர்ந்து உண்கிறார்கள், அருகிலிருப்பவரிடம் எதைக் கேட்கத் துணிகிறார்கள் என்று பார்த்தாற் போதும்.