ரூபாயும் பவுனும்

நகைக் கடைக்குச் செல்லும் பெரியவர்கள், "இன்று பவுன் என்ன விலை?" என்று கேட்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய 8 கிராம் எடையுள்ள இங்கிலாந்து நாட்டுத் தங்க நாணயத்தின் பெயர், நம் மொழியில் ஓர் எடையின் பெயராகவே நிலைத்துவிட்டது. அந்தப் பவுனுக்கும் நமது ரூபாய்க்கும் இடையே நெடுங்காலம் நடந்த வழக்கையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ரூபாயின் மதிப்பு உயர்ந்தால் நாட்டுக்கு நல்லதுதானே?" என்று வினவினான். "அதில் ஐயம் என்ன?" என்று கூறி அவனை அமரச் செய்தேன். பின்னர் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அவ்விடை அரைகுறையானது என்பது புலனாயிற்று. அவனுக்கு அன்று நான் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் சிறிது கணக்கு. 1971 வரை இங்கிலாந்தில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆகவே அன்று ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். நமது பழைய ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாய் வெள்ளி நாணயம். அதில் 165 கிரெயின் தூய வெள்ளி இருந்தது. இங்கிலாந்தின் நாணயமோ தங்கத்தை அடிப்படையாகக் கொண்டது. எனவே, வெள்ளியின் விலை இறங்கினால் ரூபாயின் மதிப்பும் இறங்கியே தீரும்.

1871-ஆம் ஆண்டளவில் ஒரு ரூபாய் ஏறக்குறைய 24 பென்ஸ் பெற்றது. அதன்பின் ஜெர்மனி தங்க நாணயத்திற்கு மாறித் தன் வெள்ளியை விற்றது. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி பெருகி வந்தது. 1892-93-இல் ரூபாய் ஏறக்குறைய 15 பென்ஸ் அளவுக்குத் தாழ்ந்தது. இந்திய அரசாங்கமோ கடன் வட்டி, ஓய்வூதியம் முதலிய இனங்களுக்காக ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குப் பவுனாகவே பணம் அனுப்பவேண்டியிருந்தது. பத்து லட்சம் பவுன் அனுப்ப, ரூபாய் 24 பென்ஸாக இருந்தால் ஒரு கோடி ரூபாய் போதும். 15 பென்ஸாக இருந்தால் ஒரு கோடியே அறுபது லட்சம் வேண்டும். அந்த அறுபது லட்சமும் வரி செலுத்தும் இந்தியக் குடிமக்களின் தலையிலேயே விழும்.

இதனால் 1893-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், மக்கள் வெள்ளியைக் கொண்டுவந்து நாணயமாக அடித்துக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. புதிய நாணயம் அருகவே ரூபாயின் மதிப்பு நாளடைவில் உயர்ந்து 16 பென்ஸை எட்டியது. 1899-இல் இங்கிலாந்துத் தங்கப் பவுன் 15 ரூபாய்க்குச் செல்லும் என இந்தியாவிலும் சட்டமாயிற்று.

முதல் உலகப் போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. வெள்ளி விலை ஏறியதால் ரூபாயும் ஏறியது. 1920-இல் அரசாங்கம் அதனை 2 ஷில்லிங் தங்க மதிப்பில் நிறுத்த முயன்று தோல்வியுற்றது. பின்னர் ஹில்டன் யங் ஆணையம் 1926-இல் 18 பென்ஸ் என்று பரிந்துரைத்தது. ஆணையத்தின் உறுப்பினரான சர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ், 16 பென்ஸே தக்கது என்று தம் மறுப்பைத் தனியே எழுதினார். ஆயினும் 1927-இல் 18 பென்ஸ் சட்டமாயிற்று.

இரண்டு பென்ஸுக்கு இத்தனை வாதமா என்று நீங்கள் எண்ணலாம். லண்டனில் 10 பவுன் விலைபோகும் பருத்தியைக் கருதுங்கள். 16 பென்ஸ் கணக்கில் அதற்கு 150 ரூபாய் கிடைக்கும். 18 பென்ஸ் கணக்கில் 133 ரூபாய் 5 அணா 4 தம்பிடியே கிடைக்கும். உழவர் செலுத்தும் நிலவரியோ ரூபாயில் குறைவதில்லை. அயல்நாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கும். உள்நாட்டு ஆலைகள் தவிக்கும். மறுபுறம், இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பும் அரசாங்கத்திற்கும் ஆங்கில அதிகாரிகளுக்கும் ஆதாயம். 1930 ஜனவரியில் காந்தியடிகள் அறிவித்த பதினொரு கோரிக்கைகளுள், உப்பு வரியை நீக்குதலோடு ரூபாயை 16 பென்ஸுக்குக் குறைத்தலும் ஒன்றாக இருந்தது இதனாலேயே.

எனினும் மற்றொரு பக்கமும் உண்டு. டாக்டர் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட, ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆங்கில நூலில் அதனை எடுத்துக்காட்டினார். ரூபாய் தாழும்போது விலைவாசி ஏறும்; கூலி அதே வேகத்தில் ஏறாது. ஆகவே, ஏற்றுமதியாளர் பெறும் ஆதாயத்தில் ஒரு பகுதி கூலியாளின் வயிற்றிலிருந்து வருவது என்பது அவர் வாதம். தாழ்ந்த ரூபாயும் எல்லோருக்கும் நன்மை தருவதன்று.

1931-இல் இங்கிலாந்து தங்கத்தைக் கைவிட்டபோதும், 1949-இல் பவுனின் மதிப்பைக் குறைத்தபோதும், ரூபாய் பவுனுடனேயே சென்றது. 18 பென்ஸ் கணக்கு மாறவில்லை. சுதந்திர இந்தியாவில், 1966 ஜூன் 6-ஆம் நாள் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதுவரை 13 ரூபாய் 33 பைசாவாக இருந்த பவுன் 21 ரூபாயாயிற்று. 1967-இல் பவுனின் மதிப்பே குறைக்கப்பட்டபோது இந்தியா உடன் செல்லவில்லை. பவுன் 18 ரூபாயாக இறங்கியது. 1975-இல் ரூபாய் பவுனோடு கொண்டிருந்த பிணைப்பையே விட்டுப் பல நாட்டு நாணயங்களின் தொகுதியோடு இணைக்கப்பட்டது.

மாணவர்களே, நாணய மதிப்பு ஏறியது, இறங்கியது என்ற செய்தியைக் கேட்டவுடன் மகிழவும் வேண்டா; வருந்தவும் வேண்டா. விற்பவர் யார், வாங்குபவர் யார், கடன்பட்டவர் யார், கூலி பெறுபவர் யார் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று அந்த மாணவனை அமரச் சொல்லாமல், கரும்பலகைக்கு அழைத்து இக்கணக்கைப் போடச் சொல்லியிருக்க வேண்டும்.