கிறிஸ்டி ரிங் (1920–1979)

அயர்லாந்தின் மரபு விளையாட்டான ஹர்லிங்கில் கார்க் மாவட்டத்துக்காக 1939 முதல் 1963 வரை ஆடியவர் கிறிஸ்டி ரிங். அகில அயர்லாந்துப் பட்டத்தை எட்டு முறை வென்ற முதல் ஆட்டக்காரர். அதில் மூன்று முறை அணித் தலைவராக நின்று வென்றார். இத்தனை காலமும் ஆட்டத்துக்கென்று அவர் சம்பளம் வாங்கியதில்லை. லாரி ஓட்டிப் பிழைத்தார். அவர் வாழ்க்கையை எழுதும்போது பதக்கக் கணக்குக்கு முன்னால் சொல்ல வேண்டியது இதுதான்.

ஹர்லிங்கில் அணிக்குப் பதினைந்து பேர். ஆஷ் மரத்தின் அடிப்பகுதி வேரை நோக்கி வளையும் இடத்தில் வெட்டி இழைத்த மட்டை. நுனி அகன்று தட்டையாக இருக்கும். பந்து சிறியது, தோல் போர்த்தியது. அதைத் தரையோடு அடிக்கலாம், அந்தரத்தில் வரும்போதே அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்தியபடி ஓடவும் செய்யலாம். குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. ரிங் ஆடிய நாளில் தலைக்கவசம் வழக்கத்தில் இல்லை.

ஆட்டத்தை நடத்துவது 1884இல் தர்லஸ் ஊரில் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம். ஆடுவோர் யாருக்கும் கூலி இல்லை என்பது சங்கத்தின் அடிப்படை விதி. ஊர் மாறினால் மன்றம் மாறலாம். ஆனால் விலை பேசி ஒருவரை வாங்க முடியாது. அதனால் பெரிய வீரர் என்றாலும் தம் மக்கள் நடுவிலேயே, அவர்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறார். ரிங் கிழக்குக் கார்க்கில் கிளாய்ன் ஊரைச் சேர்ந்தவர். கார்க் நகரத்துக்கு வந்தபின் 1941இல் கிளென் ரோவர்ஸ் மன்றத்தில் சேர்ந்தார். கடைசிவரை அதுவே அவர் மன்றம். எண்ணெய் லாரி ஓட்டுநராகப் பகலில் வேலை, மற்ற நேரத்தில் மட்டையும் பந்தும். பயிற்சியில் அவர் காட்டிய பிடிவாதம் பணத்துக்காக ஆடுகிறவர்களிடமும் அரிது.

1941 முதல் 1944 வரை கார்க் தொடர்ந்து நான்கு ஆண்டு அகில அயர்லாந்துப் பட்டம் வென்றது. அதற்கு முன் எந்த மாவட்டமும் செய்யாதது அது. 1944 மன்ஸ்டர் மாகாண இறுதியாட்டம் லிமரிக்குடன் சமனில் முடிந்து, தர்லஸில் மறுபடி நடந்தது. உலகப் போர்க் காலம், பெட்ரோல் இல்லை. பார்க்க வந்தவர்கள் சைக்கிளில் மிதித்து வந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ரிங் பந்தோடு நெடுந்தூரம் ஓடி அடித்த கோல்தான் வெற்றியை முடிவு செய்தது. 1946இல் தலைவராகக் கில்கென்னியை வீழ்த்தினார். பிறகு 1952, 1953, 1954 என மூன்று பட்டங்கள் வரிசையாக வந்தன. கடைசி இரண்டிலும் தலைவர் அவர்தான்.

ஒன்பதாவது பட்டத்துக்கு அவர் மிக அருகில் வந்தது 1956இல். குரோக் பார்க் அரங்கில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் எதிரணி வெக்ஸ்ஃபோர்ட். இறுதி நிமிடங்களில் ரிங் கோலை நோக்கி விட்ட அடியைக் காவலர் ஆர்ட் ஃபோலி தடுத்துவிட்டார். அந்தப் பந்து மறுமுனைக்குப் போய்ச் சேர, வெக்ஸ்ஃபோர்ட்டின் நிக்கி ராக்கர்ட் அங்கே கோல் அடித்தார். வெக்ஸ்ஃபோர்ட் 2–14, கார்க் 2–8 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி). ஆட்டம் முடிந்ததும் வென்ற அணியின் பாபி ராக்கர்ட்டும் நிக் ஓடானலும் ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு களத்தைவிட்டு வெளியே வந்தார்கள். கோப்பை கையில் இருக்கும் நேரத்தில் எதிரணிக்காரரைச் சுமக்கத் தோன்றியதே, எந்தப் பதக்கமும் ரிங்குக்கு அதைவிடப் பெரிய மரியாதை செய்துவிடவில்லை.

அதற்குப் பிறகும் ஏழு ஆண்டு ஆடினார். 1959இல், நாற்பதை நெருங்கும் வயதில், ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரராகத் தேர்வானார். மாகாணங்களுக்கிடையே நடந்த ரயில்வே கோப்பையை மன்ஸ்டர் அணியில் ஆடிப் பதினெட்டு முறை வென்றார். 1964இல் லூயிஸ் மார்கஸ் அவருடைய ஆட்டத்திறனைப் பற்றி ஒரு படம் எடுத்தார். மட்டையைப் பிடிப்பது, பந்தை எடுப்பது, அடிப்பது எல்லாவற்றையும் ரிங்கே அதில் செய்து காட்டுகிறார். இளையவர்களுக்கு அவர் விட்டுச்சென்ற நேரடிப் பாடம் அது. 1976 முதல் 1978 வரை கார்க் தொடர்ந்து மூன்று பட்டம் வென்றபோது அணித் தேர்வாளர்களில் ஒருவராக இருந்தார்.

1979 மார்ச் 2இல் கார்க் நகரில் மறைந்தார். கிளாய்னில் அடக்கம் செய்தபோது இரங்கலுரை ஆற்றியவர் அன்றைய பிரதமர் ஜாக் லின்ச். பிரதமர் என்ற முறையில் மட்டும் அவர் பேசவில்லை. நாற்பதுகளில் கார்க் அணியிலும் கிளென் ரோவர்ஸிலும் ரிங்கோடு சேர்ந்து ஆடியவர் அவர்.

எட்டுப் பட்டம் என்ற எண்ணிக்கையை 1965இல் திப்பரரியின் ஜான் டாய்ல் எட்டிப்பிடித்தார். கில்கென்னியின் ஹென்றி ஷெஃப்லின் பின்னாளில் பத்துப் பட்டம் வென்றார். ஆனாலும் சங்கம் 1984இல் அமைத்த நூற்றாண்டின் அணியிலும், 2000இல் அமைத்த ஆயிரமாண்டின் அணியிலும் ரிங்குக்கு இடம் இருந்தது. கார்க் நகரில் ஒரு பாலத்துக்கும் ஓர் ஆடுகளத்துக்கும் அவர் பெயர். 2005இல் தொடங்கிய கிறிஸ்டி ரிங் கோப்பை, முதல் வரிசைக்கு வராத மாவட்டங்கள் தமக்குள் மோதிக்கொள்ளும் போட்டி.