ஒட்டின இடத்தைச் சொல்லும் ஒளி

கலைப்பீடத்தில படிக்கிறவளுக்கு இரசாயனத்தில என்ன வேலை எண்டு கேக்காதேங்கோ. இந்தக் கதையைத் தொடக்கி வச்சவர்களில் ஒருவர் இசைக்காரர்.

வில்லியம் ஹேர்ஷல் இசையால் பிழைத்து, பிறகு வானியலாளர் ஆனவர். 1800இல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒண்டும் தெரியாத இடத்தில்தான் வெப்பம் கூட ஏறினது. செந்நிறக்கீழ்க் கதிர் இப்படித்தான் பிடிபட்டது.

இன்னொரு பக்கம், கரி வாயுவை இழுத்து வைத்திருக்கும் எண்டதை 1770களிலேயே ஷீலேயும் ஃபொன்டானாவும் கண்டிருந்தார்கள். வாயு உள்ளே கரையவில்லை, மேற்பரப்பில் ஒட்டுகிறது. அதனால் இது புறத்துறிஞ்சல். முதலாம் உலகப்போரில் நச்சுவாயுவுக்கு எதிராகக் கரி அடைத்த முகமூடிகள் வந்ததும் இதை நம்பித்தான். 1918இல் லாங்மியூர் இதற்குக் கணக்குப் போட்டார். மேற்பரப்பை ஒரு பஸ் எண்டு நினையுங்கோ. ஒரு சீற்றில் ஒரு மூலக்கூறுதான் இருக்கலாம். அமுக்கம் கூடினால் சீற் நிரம்பும், சூடு கூடினால் எழும்பிப் போகும்.

ஒட்டும்போது வெப்பம் வெளிவரும். கலோரிமானி அதை அளக்கும், ஆனால் எந்தச் சீற்றில் ஒட்டினது எண்டு சொல்லாது. அதைச் சொன்னது ஹேர்ஷலின் கதிர். 1940களில் சோவியத் ஒன்றியத்தின் தெரெனின் நுண்துளைக் கண்ணாடியில் ஒட்டின மூலக்கூறுகளை அந்தக் கதிரால் பார்த்தார். 1950களில் அமெரிக்காவின் ஐஷன்ஸ் உலோகங்களில் ஒட்டின காபனோரொட்சைட்டைப் பார்த்தார். தனியே திரியும் காபனோரொட்சைட்டு சதமமீற்றருக்கு 2143 அலைகள் எண்ட இடத்தில் கதிரை உறிஞ்சும். ஒட்டினால் அந்த இடம் நகரும். எவ்வளவு நகர்கிறது எண்டது, எதில் ஒட்டினது எண்டதைக் காட்டும்.

2000களில் இத்தாலியின் கரோனேயும் ஸ்பெயினின் ஒத்தேரோ அரேயானும் ஒரு படி மேலே போனார்கள். மூடின கலத்தில் வெப்பநிலையை மாற்றி மாற்றி நிறமாலை எடுத்தார்கள். பட்டியின் பரப்பு எத்தனை சீற் நிரம்பினது எண்டு சொல்லும். அதோடு அமுக்கத்தையும் வெப்பநிலையையும் சேர்த்து வான்ற் ஹொஃப் முறையில் வரைபு கீறினால் ஒரு நேர்கோடு வரும். அதன் சரிவில் ஒட்டலின் வெப்பம் இருக்கும். வெட்டுத்துண்டில் எந்திரப்பி மாற்றம், அதாவது ஒட்டினதால் மூலக்கூறு இழந்த சுதந்திரம்.

ஐதரசனைச் சேமிக்க, காபனீரொட்சைட்டைப் பிடிக்க, இந்த இரண்டு எண்களும் வேணும். கூட இறுக்கமாக ஒட்டினால் திருப்பி எடுக்க ஏலாது, தளர்வாக ஒட்டினால் நிற்காது.

வரலாறு படிக்கிற எனக்கு இதில் பிடிச்சது ஒண்டுதான். மொத்தக் கணக்கு உண்மைதான், ஆனால் அதுக்குள்ள யார் எங்க இருந்தது எண்டு தெரியாமல் போகும். அதைக் கேக்க வேற ஒரு கருவி வேணும்.